படம் வரையத் தெரிகிறது, கிளாஸ் எழுதத் தெரியவில்லை: பொருள்நோக்கு மென்பொருள் பொறியியலை எப்படிப் படிப்பது?

தேவகோட்டையைச் சேர்ந்த மூன்றாம் ஆண்டு கணினி அறிவியல் மாணவி ஒருவர் கேட்டிருப்பதன் சுருக்கம் இது: "இந்தப் பருவத்தில் பொருள்நோக்கு மென்பொருள் பொறியியல் தாள் இருக்கிறது. மென்பொருளின் அமைப்பைக் காட்டும் யூஎம்எல் படங்கள் எல்லாம் வரைவேன், இன்டர்னல் மதிப்பெண்ணும் நன்றாகவே வருகிறது, ஜாவாவும் தெரியும். ஆனால் மினி புராஜெக்ட் என்று உட்கார்ந்தால் எந்தெந்த கிளாஸ் வேண்டும், எதை எதற்குள் வைப்பது என்று தெரியாமல் நின்றுவிடுகிறேன். இதை எப்படிப் படிக்க வேண்டும்?"

இந்தக் கேள்வியை இருபது ஆண்டுக் கற்பித்தலில் ஏறத்தாழ இதே சொற்களில் பலமுறை கேட்டிருக்கிறேன். கேட்டவர்கள் பெரும்பாலும் நன்றாகப் படிக்கிற பிள்ளைகள். பாடம் நடக்கும் வரிசையில்தான் கோளாறு இருக்கிறது. யூஸ் கேஸ் (பயனர் அமைப்பைக் கொண்டு முடிக்கும் ஒரு வேலை) படத்துக்கு ஏடிஎம், கிளாஸ் படத்துக்கு நூலகம், நிலைமாற்றப் படத்துக்கு லிஃப்ட் என்று ஒவ்வோர் அலகுக்கும் ஒவ்வோர் எடுத்துக்காட்டு வருவதால், ஒரு படத்தில் நீங்கள் எடுத்த முடிவு அடுத்த படத்தில் உங்கள் காலை இடறும் அனுபவம் கிடைப்பதே இல்லை. அந்த இடறல் இல்லாமல் எதை எங்கே வைப்பது என்ற தெளிவு வராது. ஆகவே என் பரிந்துரை ஒன்றுதான்: உங்கள் ஊரில் இன்றைக்கும் நோட்டுப் புத்தகத்தில் நடந்துகொண்டிருக்கும் ஒரே ஒரு கணக்கை எடுத்துக்கொண்டு, பருவம் முழுவதும் அதையே வைத்துக்கொள்ளுங்கள், எழுதிய நிரலை மூன்று முறையாவது மாற்ற வேண்டிய கட்டாயத்துக்கு உங்களை நீங்களே உள்ளாக்குங்கள்.

முதலில் தாளின் பெயரைப் பிரித்துப் பார்ப்பது நல்லது, ஏனெனில் அதில் இரண்டு வரலாறுகள் சேர்ந்திருக்கின்றன. ஆஸ்லோவில் உள்ள நார்வே கணினி மையத்தில் ஓலே யோஹான் டால், கிறிஸ்டன் நிகார்ட் ஆகிய இருவரும் 1967-இல் உருவாக்கிய சிமுலா 67 மொழியில்தான் கிளாஸ் (ஒரு வகைப் பொருளின் பண்புகளையும் செயல்களையும் வரையறுப்பது), ஆப்ஜெக்ட் (அந்த வரையறைப்படி உருவாகும் ஒவ்வொரு பொருளும்), மரபுரிமம் (ஒரு கிளாஸ் இன்னொன்றின் பண்புகளையும் செயல்களையும் பெறுவது) மூன்றும் முதன்முதலாக ஒன்றாக வந்தன. உலகில் நடப்பதைக் கணினியில் நடித்துக் காட்டுவதே அவர்களுடைய தேவை; அதனால் ஒவ்வொரு பொருளும் தன் நிலையையும் தன் செயலையும் தன்னிடமே வைத்திருக்க வேண்டியிருந்தது. மென்பொருள் பொறியியல் என்ற பெயர் பரவலானதோ 1968-இல் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் நேட்டோ ஆதரவில் நடந்த மாநாட்டுக்குப் பிறகு. பெரிய நிரல்கள் காலத்தில் முடியாமல், செலவு மீறி, பிழையோடு வந்துகொண்டிருந்த கவலை அந்த மாநாட்டில் பேசப்பட்டது. பலர் சேர்ந்து எழுதி, பல ஆண்டுகள் மாற்றிக்கொண்டே இருக்கப்போகும் ஒன்றை எப்படிக் கெடாமல் வைத்திருப்பது என்பது இந்த இரண்டாவது வரலாற்றின் கேள்வி. உங்களுக்குத் தெரிந்த ஜாவா முதல் வரலாற்றின் பிள்ளை. தாளின் கனம் இரண்டாவதில் இருக்கிறது.

இனி நம் பக்கத்து எடுத்துக்காட்டு ஒன்று. நகரத்தார் கோயில்களில் புள்ளிக் கணக்கு வைத்திருப்பதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். திருமணமான ஒரு கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு புள்ளி; கோயில் செலவுக்கான வரி தலைக்கு இவ்வளவு என்றில்லாமல் புள்ளிக்கு இவ்வளவு என்று விழும். மகனுக்குத் திருமணம் ஆகி வேறு வைத்துவிட்டால், ஒரே வீட்டில் ஒரே வளவைச் சுற்றிய அறைகளில் இருந்தாலும், அவர்களுக்கு அடுப்பும் தனி, கணக்கும் தனி. சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவர்கள் ஐந்து பேர் காரைக்குடிக்கு அருகில் ஓர் ஊரில் இந்தக் கணக்கைக் கணினிக்குக் கொண்டுவர முயன்றார்கள்.

அந்தப் பதிவேட்டை நானும் பார்த்தேன். காலிகோ அட்டை போட்ட நீள நோட்டு. ஒவ்வொரு பக்கத்திலும் கையால் கோடிழுத்து வரிசை எண், விலாசத்தோடு (முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளோடு) கூடிய பெயர், புள்ளி, தொகை, வரவான தேதி, குறிப்பு என்று ஆறு கட்டங்கள். முதல் ஐந்து கட்டங்கள் நீல மையில் ஒழுங்காக இருந்தன. ஆறாவது கட்டத்தில் பென்சிலில் "சிங்கப்பூர், தம்பி கட்டுவார்", "பிள்ளை கூட்டியது, விலாசம் மாற்றவும்" என்பது போன்ற சிறு குறிப்புகள் (பிள்ளை கூட்டுவது என்றால் தத்தெடுப்பது). ஓரிடத்தில் புள்ளி என்ற கட்டத்தில் 1 என்பது அடிக்கப்பட்டு, பக்கத்தில் சிவப்பு மையில் ½ என்று எழுதித் தேதி போடப்பட்டிருந்தது. மாணவர்கள் முதல் ஐந்து கட்டங்களை அப்படியே 'நபர்' என்ற ஒரு கிளாஸின் ஐந்து பண்புகளாக மாற்றிப் படம் வரைந்து கொண்டுவந்தார்கள். ஆறாவது கட்டத்தையும் அடித்தல் திருத்தலையும் அழுக்கு என்று கருதி விட்டுவிட்டார்கள். பிறகு வந்த சிக்கல்கள் எல்லாம் அவர்கள் விட்டுவந்த இடங்களிலிருந்தே வந்தன.

முதல் சிக்கலுக்குத் தமிழ்ச் சொல்லே ஒரு காரணம். மேல்நிலைப் பள்ளிப் பாடநூல்களில் கிளாஸ் என்பதை இனக்குழு என்றும், இன்ஹெரிட்டன்ஸ் என்பதை மரபுரிமம் என்றும் படித்திருப்பீர்கள். நல்ல சொற்கள்தாம். ஆனால் மரபுரிமம் என்றதும் அப்பாவின் வீடு மகனுக்கு வருவது நினைவுக்கு வருகிறது. அந்தக் குழுவில் இருவர் 'மகன்' என்ற கிளாஸைத் 'தந்தை' என்ற கிளாஸின் வாரிசாகவே எழுதிவிட்டார்கள், விலாசமும் கோயிலும் தானாக இறங்கி வரும் என்ற எண்ணத்தில். நிரலாக்க மரபுரிமத்துக்கும் சொத்துக்கும் தொடர்பில்லை. "இது அதில் ஒரு வகை" என்று தயக்கமின்றிச் சொல்ல முடிகிற இடத்தில் மட்டுமே அதைப் பயன்படுத்த வேண்டும். மகன் என்பவன் தந்தையில் ஒரு வகை அல்லன். இருவருமே நபர் என்ற ஒரே கிளாஸின் இரண்டு ஆப்ஜெக்டுகள், இடையில் ஓர் உறவு இருக்கிறது, அவ்வளவே. அந்த உறவும் மாறக்கூடியது: வேறொரு குடும்பம் பிள்ளை கூட்டிக்கொண்டால் மகனுக்கு விலாசம் மாறுகிறது, பழைய ரசீதுகளில் உள்ள விலாசமோ மாறக்கூடாது. பென்சில் குறிப்பு இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

வகுப்பில் கிளாஸுக்கு அச்சையும் ஆப்ஜெக்டுக்கு அச்சில் வார்த்த பொருளையும் உவமை சொல்வதுண்டு. நம் பகுதியில் ஆத்தங்குடித் தரைக்கல்லைச் சொல்வார்கள். கண்ணாடித் தகட்டின் மேல் சட்டத்தை வைத்து, அதன் அறைகளில் வண்ணக் கலவையை ஊற்றிச் சட்டத்தைத் தூக்கியதும், கல்லுக்கும் சட்டத்துக்கும் உறவு முடிந்துவிடுகிறது. ஆப்ஜெக்டின் கதை அப்படி இல்லை. அது உயிரோடு இருக்கும் காலம் முழுவதும் தன் கிளாஸில் எழுதப்பட்ட செயல்களைக் கொண்டே நடந்துகொள்கிறது. உவமையை முதல் வாரத்தோடு விட்டுவிடுங்கள்.

இரண்டாவது சிக்கல் அந்தச் சிவப்பு மை. கணவன் மனைவியில் ஒருவர் மறைந்துவிட்டால், அந்த ஊர் வழக்கில் மற்றவர் அரைப் புள்ளி, வரியும் பாதி. இதைக் கணக்குப்பிள்ளை விளக்கியதும் மாணவர்கள் 'முழுப்புள்ளி', 'அரைப்புள்ளி' என்று 'புள்ளி' கிளாஸுக்கு இரண்டு துணை கிளாஸ்கள் (அதிலிருந்து மரபுரிமம் பெறுபவை) எழுதி, வரி கணக்கிடும் செயலை இரண்டிலும் வெவ்வேறாக அமைத்தார்கள். பல்லுருவாக்கம் என்று பாடத்தில் படித்ததை அப்படியே செய்திருக்கிறார்கள். தேர்வுத்தாளில் இதற்கு முழு மதிப்பெண் கிடைக்கும். ஆனால் ஜாவாவில் ஒருமுறை உருவான ஆப்ஜெக்ட் தன் கிளாஸை மாற்றிக்கொள்ள முடியாது. நேற்றுவரை முழுப்புள்ளியாக இருந்த குடும்பம் இன்று அரைப் புள்ளி ஆகும்போது பழைய ஆப்ஜெக்டை அழித்துப் புதிதாக ஒன்றை உருவாக்க வேண்டியதாயிற்று. அதனோடு அந்தக் குடும்பம் பல ஆண்டுகள் கட்டிய வரவுப் பதிவுகளும் உறவறுந்து போயின. நோட்டில் கணக்குப்பிள்ளை என்ன செய்திருந்தார்? வரியைக் கிழித்து எறியவில்லை. அதே வரியில் ஒன்றை அடித்து, அரை என்று எழுதி, தேதி போட்டார். புள்ளி அதேதான், அதன் நிலை மாறியிருக்கிறது, மாறிய நாளும் வேண்டும் என்று அந்த ஒரு கட்டம் சொல்கிறது. வகை எது, நிலை எது என்று பிரிப்பதற்கு நான் மாணவர்களுக்குச் சொல்லும் சோதனை, "இந்தப் பொருள் தன் வாழ்நாளில் இதிலிருந்து அதற்கு மாறுமா?" என்று கேட்பது. மாறுமென்றால் துணை கிளாஸ் வேண்டாம், நிலை என்ற தனிப் பொருளாக உள்ளே வையுங்கள். நிலைமாற்றப் படம் எதற்கு என்று இந்த இடத்தில்தான் அவர்களுக்கு முதன்முதலாகப் புரிந்தது.

வகைக்கும் நிலைக்கும் அடுத்தபடி, பங்கு என்று ஒன்று இருக்கிறது. அதை நான் கற்றது என் சொந்தத் தவற்றில். கற்பிக்க வருமுன் ஒரு நிதி நிறுவனத்துக்கு நிரல் எழுதினேன். கடன் வாங்கியவர், ஜாமீன்தாரர் என்று 'வாடிக்கையாளர்' கிளாஸுக்கு இரண்டு துணை கிளாஸ்கள் வைத்தேன். ஒரே மனிதர் தம் பெயரில் கடன் வாங்கியிருந்தார், தம் மைத்துனருக்கு ஜாமீனும் போட்டிருந்தார். நிரலில் அவர் இரண்டு ஆட்களாக இருந்தார். வீடு மாறியபோது ஒரு பதிவில் மட்டும் முகவரி திருத்தப்பட்டது. மைத்துனர் தவணை தவறியபோது அறிவிப்புகள் மூன்று மாதம் பழைய வீட்டுக்கே போயின, இவருக்குத் தெரியாமலே வட்டி ஏறியது. அவர் அலுவலகத்துக்கு வந்து நின்றபோது எனக்கு இருந்த வெட்கம் இன்றும் நினைவிருக்கிறது. மனிதர் ஒருவர், கடனில் அவர் வகிக்கும் பங்குகள் பல. "சிங்கப்பூர், தம்பி கட்டுவார்" என்ற குறிப்பும் இதே வகைதான்: வரி யார் பெயரில் விழுகிறது என்பதும் பணத்தை யார் கொண்டுவந்து கட்டுகிறார் என்பதும் இரண்டு உறவுகள், ஒரே கட்டத்தில் அடைத்தால் ரசீது தவறான பெயரில் போகும்.

துணை கிளாஸ் எப்போது சரி என்பதற்குப் பார்பரா லிஸ்கோவ் 1987-இல் ஒரு மாநாட்டு உரையில் முன்வைத்து, 1994-இல் ஜெனட் விங்குடன் சேர்ந்து துல்லியமாக எழுதிய பதிலீட்டு விதி உங்கள் பாடத்தில் இருக்கிறது. மேல் கிளாஸின் ஆப்ஜெக்டை எதிர்பார்க்கும் இடத்தில் துணை கிளாஸின் ஆப்ஜெக்டை வைத்தாலும், அங்கே நம்பி எழுதப்பட்டது எதுவும் பொய்க்கக்கூடாது என்பது அதன் சாரம். மனப்பாடம் செய்யாமல், மேலே சொன்ன மூன்று தவறுகளையும் அதைக்கொண்டு சோதித்துப் பாருங்கள்.

கிளாஸ்களைக் கண்டுபிடிக்கக் கணினி வேண்டியதில்லை. கென்ட் பெக், வார்ட் கன்னிங்ஹாம் இருவரும் 1989-இல் அறிமுகப்படுத்திய சிஆர்சி அட்டை முறையை நான் இன்றும் முதல் மாதத்தில் விடாமல் செய்யச் சொல்கிறேன். ஓர் அட்டையில் மேலே கிளாஸின் பெயர், இடப்பக்கம் அதன் பொறுப்புகள், வலப்பக்கம் அது யாருடைய துணையை நாடுகிறது. பழைய திருமண அழைப்பிதழ்களின் வெற்றுப் பக்கம் இதற்குப் போதும். ஆளுக்கு இரண்டு அட்டை வைத்துக்கொண்டு திண்ணையில் வட்டமாக உட்கார்ந்து, "ஒரு பெரியவர் வரி கட்ட வந்திருக்கிறார்" என்று ஒருவர் தொடங்க, பொறுப்பு யாருடையதோ அவர் அட்டையை உயர்த்திப் பதில் சொல்ல வேண்டும். என் மாணவர்கள் செய்தபோது 'கணக்குப்பிள்ளை' என்ற அட்டை மட்டுமே கீழே இறங்கவில்லை. வரி கணக்கிடுவது, பாக்கி பார்ப்பது, ரசீது கொடுப்பது, நிலை மாற்றுவது என்று அட்டையின் இருபுறமும் நிரம்பிவிட்டது. மற்ற நால்வர் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். நோட்டு தானாகப் பேசாது என்பதால் மனிதரே எல்லாவற்றையும் செய்தார். அதே பழக்கத்தைக் கணினிக்குள்ளும் கொண்டுவந்திருந்தார்கள். பாக்கி எவ்வளவு என்று புள்ளியையே கேட்கலாம், ஏனெனில் அதன் வரவுகள் அதனிடம் இருக்கின்றன. ஒரு மணி நேரத்தில் அந்த அட்டையின் பொறுப்புகள் ஐந்து அட்டைகளுக்குப் பிரிந்து போயின. உங்கள் மினி புராஜெக்டில் 'மேலாளர்' என்று முடியும் பெயருடைய கிளாஸ் இருந்தால் இதே பயிற்சியை அதற்குச் செய்து பாருங்கள்.

யூஎம்எல் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. புச், ரம்பா, யாக்கப்சன் மூவரும் தத்தம் குறியீட்டு முறைகளை ஒன்றிணைத்து உருவாக்கியதை, 1997-இல் ஓஎம்ஜி (ஆப்ஜெக்ட் மேனேஜ்மென்ட் குரூப்) அமைப்பு தரமாக ஏற்றுக்கொண்டது. இன்றைய பதிப்பில் 14 வகைப் படங்கள் இருக்கின்றன. தேர்வுக்குப் பதினான்கின் பெயரும் தெரிந்திருக்கட்டும். வேலைக்கு யூஸ் கேஸ், கிளாஸ், வரிசைமுறை, நிலைமாற்றம், செயல்பாடு என்ற ஐந்தும் போதும் என்பது என் அனுபவம். ஒன்றை மட்டும் வலியுறுத்துவேன்: யூஸ் கேஸ் என்பது முட்டை வடிவப் படம் அல்ல, அது எழுதப்பட்ட உரை. "புள்ளி வரி பெறுதல்" என்ற ஒன்றைத் தமிழில் ஒரு பக்கம் எழுதுங்கள்; வழக்கமாக நடப்பது எட்டு வரி, தவறிப்போகக்கூடியவை இருபது வரி என்று வந்தால் சரியாகப் போகிறீர்கள். எழுதியதைக் கணக்குப்பிள்ளையிடமே வாசித்துக் காட்டுங்கள். அவர் எந்த வரியில் கைகாட்டி நிறுத்துகிறாரோ அங்கே உங்கள் கிளாஸ் படம் தவறாக இருக்கும்.

வடிவமைப்பில் நீங்கள் ஆழமாகப் படிக்க வேண்டிய கருத்து என்று ஒன்றைக் காட்டச் சொன்னால், டேவிட் பார்னாஸ் 1972-இல் எழுதிய கட்டுரையின் கருத்தைக் காட்டுவேன். ஒரே நிரலை இரண்டு விதமாகப் பகுத்துக் காட்டுகிறார். வேலை நடக்கும் படிகளின் வரிசையில் பகுத்தால், ஒரு சிறு மாற்றம் எல்லாப் பகுதிகளையும் தொடுகிறது. எந்த முடிவு பின்னால் மாறக்கூடுமோ அந்த முடிவை ஒரு பகுதிக்குள் மறைத்துவைத்தால், மாற்றம் அந்தப் பகுதியோடு நின்றுவிடுகிறது. தரவைப் பிரைவேட் என்று அறிவித்து கெட், செட் எழுதினால் உறைபொதியாக்கம் (என்காப்சுலேஷன், அதாவது உள்விவரத்தை வெளியிலிருந்து மறைப்பது) முடிந்துவிட்டதாக மாணவர்கள் நினைக்கிறார்கள். மறைக்க வேண்டியது முடிவை. புள்ளிக்கு எவ்வளவு வரி என்பதைக் கூட்டத்தில் ஆண்டுதோறும் தீர்மானிப்பார்கள். திருப்பணி நடக்கும் ஆண்டில் தனி வரியும் விழும். அந்த விதி புள்ளிக்குள்ளும் ரசீதுக்குள்ளும் சிதறிக் கிடந்தால் ஒவ்வோர் ஆண்டும் நிரலைத் தோண்ட வேண்டும். 'வரி விதி' என்று ஆண்டோடு இணைந்த தனிப் பொருளாக வைத்தால், புதிய ஆண்டுக்குப் புதிய பொருள் ஒன்று சேரும், பழைய ஆண்டின் பாக்கி பழைய விதிப்படியே நிற்கும்.

இப்படிச் செய்து முடித்த பிறகு வடிவமைப்புப் பாங்குகள் (அடிக்கடி வரும் வடிவமைப்புச் சிக்கல்களுக்கான தேர்ந்த தீர்வுகள்) பகுதியைத் திறந்தால், நீங்கள் செய்ததற்கு ஸ்ட்ராட்டஜி என்று பெயர் இருப்பதையும், அரைப் புள்ளிக்குச் செய்ததற்கு ஸ்டேட் என்று பெயர் இருப்பதையும் காண்பீர்கள். 1994-இல் எரிக் காமா உள்ளிட்ட நால்வர் தொகுத்த அந்த 23 பாங்குகளையும் பட்டியலாக உருப்போடுவதால் பயனில்லை. சிக்கலைச் சந்தித்த பின் படித்த பாங்குதான் கையில் தங்கும்.

மறுபயன்பாடு என்ற தலைப்பில் ஒரு நிகழ்ச்சியைக் கட்டாயம் படியுங்கள். 1996 ஜூன் 4 அன்று ஏரியான் 5 ராக்கெட் தன் முதல் பயணத்தில், புறப்பட்ட சுமார் 40 விநாடிகளில் சிதறியது. ஏரியான் 4-இல் ஒழுங்காக ஓடிய நிரல் பகுதி அப்படியே எடுத்துவைக்கப்பட்டிருந்தது. புதிய ராக்கெட்டின் வேகம் அதிகம் என்பதால், 64 பிட் எண் ஒன்று 16 பிட் இடத்தில் கொள்ளாமல் போயிற்று. எந்த எல்லைக்குள் இந்தப் பகுதி சரியாக வேலை செய்யும் என்ற நிபந்தனை நிரலில் வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கவில்லை. பெர்ட்ரண்ட் மேயர் வலியுறுத்தும் ஒப்பந்த முறை வடிவமைப்பு இதைத்தான் கேட்கிறது: ஒவ்வொரு செயலுக்கும் முன்நிபந்தனை, பின்நிபந்தனை. உங்கள் அளவில் இதை, ஜாவா நிரலைச் சோதிக்கும் கருவியான ஜேயூனிட்டில் சோதனைகளாக எழுதுங்கள். ஆண்டின் நடுவில் அரைப் புள்ளியானால் அந்த ஆண்டு வரி முழுதா, பாதியா என்று சோதனை எழுத உட்கார்ந்தால்தான் தோன்றும். விடை தெரியாமல் மறுபடி அந்த ஊருக்குப் போவீர்கள். அப்படிப் போகவைக்கும் சோதனை நல்ல சோதனை.

மென்பொருளை எந்தப் படிகளில் உருவாக்குவது என்று சொல்லும் செயல்முறை மாதிரிகள் பகுதியை விரைவாகக் கடக்கலாம். அருவி மாதிரியின் தொடக்கமாகச் சொல்லப்படும், ராய்ஸ் 1970-இல் எழுதிய கட்டுரை, போம் சொன்ன சுருள் மாதிரி, 2001-இல் 17 பேர் வெளியிட்ட அஜைல் அறிக்கை ஆகியவற்றைக் கால வரிசையில், ஒன்று மற்றதன் எந்தக் குறைக்குப் பதிலாக வந்தது என்ற தொடர்போடு எழுதினால் தேர்வில் விடை தானாக நீளும். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறையில் இந்தத் தாள் ஆய்வகத்தோடு சேர்ந்தே வருகிறது. அந்த ஆய்வக நேரங்களைத் தனித்தனி எடுத்துக்காட்டுகளில் செலவிடாமல் உங்கள் ஒரே அமைப்புக்கே ஒதுக்க அனுமதி கேளுங்கள். ஆசிரியர்கள் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். முதல் மூன்று வாரம் அட்டைகளும் யூஸ் கேஸ் உரையும், ஆறாம் வாரத்துக்குள் ஓடக்கூடிய சிறு நிரல், பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு மாற்றம் என்று வையுங்கள். தொடக்கம் முதலே, நிரலின் மாற்றங்களைப் பதிவு செய்துவரும் கிட் என்ற கருவியைப் பயன்படுத்தி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் எத்தனை கோப்புகளைத் தொட நேர்ந்தது என்று குறித்துவாருங்கள். முதல் மாற்றத்துக்கு ஒன்பது கோப்புகளும் மூன்றாவதற்கு இரண்டும் என்று குறைந்தால் வடிவமைப்பு கைவருகிறது என்று கொள்ளலாம்.

கோயில் கணக்குதான் வேண்டும் என்றில்லை. மொய் நோட்டு, கண்டாங்கிச் சேலை நெய்பவரின் நூல் கணக்கு, பலகாரக் கடையின் ஆர்டர் நோட்டு, எதுவாகவும் இருக்கலாம். பல ஆண்டுகளாக ஒருவர் கையால் எழுதிவருவதாக இருக்க வேண்டும். முதல் நாள் போகும்போது மடிக்கணினியை வீட்டிலேயே வைத்துவிட்டு, நோட்டும் பென்சிலும் மட்டும் எடுத்துச் செல்லுங்கள். என்னென்ன விவரம் பதிவு செய்கிறீர்கள் என்று கேட்டால் ஐந்து கட்டங்களைச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். பக்கத்தைப் புரட்டி அடித்தல் உள்ள ஓரிடத்தில் விரலை வைத்து, "ஐயா, இதை எதற்காகத் திருத்தினீர்கள்?" என்று கேளுங்கள்.